மகள் மாதிரி

சென்னைக்குப் படிக்க வரும் பெண், அறை தேடிப் போகும் இடங்களிலெல்லாம் வாடகை எவ்வளவு என்று தெரிவதற்கு முன்பே ஒரு வாக்கியத்தைக் கேட்டுவிடுகிறாள். "கவலையே படாதீங்க சார், எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி பாத்துக்குறோம்." வாக்கியம் அவளைப் பற்றியது, சொல்லப்படுவது அவளுடைய அப்பாவிடம். வேளச்சேரியில் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் இதைச் சொல்கிறார். தரமணியில் ஐந்து மாடிக் கட்டடத்தை பி.ஜி.யாக நடத்துபவரும் சொல்கிறார். அண்ணா நகரில் போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு இடம் பிடித்துக்கொடுக்கும் புரோக்கரும் சொல்கிறார். கேட்டதும் பெற்றோரின் முகம் தெளிகிறது. ஊர் பெயர் தெரியாத தெருவில் மகளை விட்டுவிட்டு இரவு பஸ் ஏறப் போகிறவர்களுக்கு அந்தச் சொல் தேவையாகவும் இருக்கிறது.

பெரும்பாலும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் சொல்தான். ஆனால் பணம் வாங்கிக்கொண்டு இடம் கொடுக்கும் ஒருவர், இடம் வாங்கும் பெண்ணை மகளாக வைத்துக்கொள்வதாகச் சொல்லும்போது அவளுக்கு எதைத் தருகிறார், அவளிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்? இந்தக் கேள்வியை நாம் போதிய அளவு கேட்டுக்கொண்டதில்லை.

ஒரு வீட்டில் ஒரு பெண் என்னென்ன உறவில் இருக்கலாம் என்று பார்ப்போம். வாடகைதாரராக இருக்கலாம். அப்போது அவளுடைய கடமை மாதம் பிறந்தால் பணம் கொடுப்பது, சுவரைப் பாழாக்காமல் இருப்பது, பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பது. அதற்குமேல் அவள் யாருடன் பேசினாள், எத்தனை மணிக்குச் சாப்பிட்டாள் என்பது வீட்டுக்காரரின் விஷயமில்லை. இன்னொரு வகையில், அவள் மகளாக இருக்கலாம். மகளுக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். பல வீடுகளில் மூச்சு முட்டுமளவு அதிகம். ஆனாலும் மகள் வாடகை கொடுப்பதில்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி கேட்கலாம். கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தலாம். தமிழ்நாட்டில் 1989இல் கொண்டுவரப்பட்ட வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் அவளுக்கு மகனுக்குச் சமமான பங்கும் உண்டு. நடைமுறையில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பது வேறு விஷயம். கேட்க ஓர் இடம் இருக்கிறது.

'மகள் மாதிரி' என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அவள் வாடகைதாரரைப்போல மாதா மாதம் பணம் கொடுக்கிறாள், மகளைப்போலக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறாள். வாடகைதாரரின் தனிமை அவளுக்கு இல்லை. மகளின் உரிமையும் இல்லை. ஒரு வாரம் முன்பு சொல்லி வெளியே அனுப்பிவிடலாம். மகளை அப்படி அனுப்ப முடியாது. மகளின் அட்வான்ஸில் சுண்ணாம்பு அடித்த கணக்கென்று ஒரு மாத வாடகையை யாரும் பிடித்துக்கொள்வதும் இல்லை. கடமைகள் இரு பக்கத்திலிருந்தும் வருகின்றன, உரிமைகள் எந்தப் பக்கத்திலிருந்தும் வருவதில்லை. 'பேயிங் கெஸ்ட்' என்ற பெயரிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. பணம் கொடுப்பவர் விருந்தாளி இல்லை. விருந்தாளியிடம் யாரும் பணம் கேட்பதில்லை.

இந்த நகரம் தனியாக வரும் ஆண்களை எப்படி நடத்தியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். திருவல்லிக்கேணியிலும் சேப்பாக்கத்திலும் மேன்ஷன்கள் இருக்கின்றன. படிக்க வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள், சினிமாவுக்கு முயன்றவர்கள் எனத் தலைமுறை தலைமுறையாக ஆண்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். அறை சின்னது, மூட்டைப்பூச்சி உண்டு, குளியலறைக்கு வரிசை உண்டு. அந்த வாழ்க்கையை யாரும் சொகுசு என்று சொல்ல முடியாது. ஆனால் மேன்ஷன் மேலாளர் யாரையும் மகன் மாதிரி பார்த்துக்கொள்வதாகச் சொல்லவில்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு வந்தால் ஏன் என்று கேட்கவில்லை. தனியாக இருக்கும் ஆணுக்கென்று இந்த நகரம் ஒரு கட்டட வகையையே உருவாக்கியது. அவனிடம் அது எதிர்பார்த்தது வாடகை மட்டும்தான். அதே பல்கலைக்கழகத்துக்கு, அதே கடற்கரைக்கு வந்த பெண்ணுக்கு அப்படியொரு கட்டடத்தை அது உருவாக்கவில்லை. அவளுக்கு கேட்டும், வார்டனும், கையெழுத்துப் போட ஒரு நோட்டும் கிடைத்தன.

இங்கே ஒரு வரலாற்றை நினைவுகூர வேண்டும். விதவை எதிரே வந்தாலே சகுனம் கெட்டது என்று திரும்பிப் போன காலத்தில், தானே குழந்தை விதவையாக இருந்து படித்துப் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, எழும்பூரில் இருந்த வீட்டில் சில விதவைச் சிறுமிகளை வைத்துப் படிக்கவைக்கத் தொடங்கினார். எண்ணிக்கை கூடியபோது அந்த விடுதி மெரினாவை நோக்கியிருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம், படிக்கும் பெண்களின் வீடாயிற்று. பெண் படிக்க வேண்டுமென்றால் முதலில் அவளுக்கு இரவில் படுக்க ஓர் இடம் வேண்டும் என்பதை அவ்வளவு நேராகப் புரிந்துகொண்டவர்கள் அன்று குறைவு. ஆனால் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கான விடுதி. அந்தக் கதவு திறந்தபோதே சாதியைக் கேட்டுத்தான் திறந்தது. பிறகு 1930இல், தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்கு வேறு விடுதிகளில் இடம் கிடைக்காமல் போக, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் பிறந்தது. அடைக்கலம் தந்தவர்களை மதிப்பதும், அந்த அடைக்கலத்தின் வாசலில் யார் நிறுத்தப்பட்டார்கள் என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. பெண்ணுக்கு இடம் தருவது புண்ணியமாகத் தொடங்கியதால், இன்று அது முழு வியாபாரமாகிவிட்ட பிறகும் வாங்குபவள் நன்றியோடு தலைகுனிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் மாறவில்லை.

இப்போது, இந்த ஏற்பாட்டின் பெயரான பாதுகாப்புக்கு வருவோம். பெண்ணுக்கு ஆபத்தே இல்லை என்று சொல்லும் பெண்ணியம் எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. ஆபத்து இருக்கிறது. அதனால்தான் பாதுகாப்பையும் காவலையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாடிப்படியில் விளக்கு எரிவது பாதுகாப்பு. உள்ளிருந்து போட முடிகிற தாழ்ப்பாள், நடு இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண், தீ பிடித்தால் இறங்க இன்னொரு வழி, இவையெல்லாம் பாதுகாப்பு. ஒன்பது மணிக்குப் பூட்டப்படும் கேட் எதைச் சேர்ந்தது?

ஆய்வகத்தில் வேலை முடியத் தாமதமாகிறது. பறக்கும் ரயிலைத் தவறவிடுகிறாள். அல்லது செலவுக்காகப் பகுதி நேர வேலைக்குப் போகிறாள். ஒன்பதரைக்குத் தெருமுனைக்கு வருகிறாள். அந்த நேரத்தில் அவளுக்கு உலகத்திலேயே பாதுகாப்பான இடம் கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. விதி அவளை இந்தப் பக்கம் நிறுத்துகிறது. போன் செய்து கெஞ்சி, அப்பாவை விட்டுப் பேசச் சொல்லி, அரை மணி நேரம் தெருவில் நிற்கிறாள். பாதுகாப்புக்காக இருப்பதாகச் சொல்லும் விதி ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க மறுக்கிறதென்றால், அது காப்பது அவளை இல்லை, கட்டடத்தின் பெயரை. சிலர் இந்த அரை மணி நேரத்தைத் தவிர்க்க இன்னொரு வழி கண்டுபிடிக்கிறார்கள். நேரமாகிவிட்டால் திரும்புவதேயில்லை, எங்கேயாவது தோழி வீட்டில் தங்கி, ஊருக்குப் போனதாக நோட்டில் எழுதச் சொல்கிறார்கள். இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்பது யாருக்கும் தெரியாது. கண்காணிப்பு கூடக் கூடத் தகவல் குறைகிறது.

இது இங்கே மட்டும் எழுந்த கேள்வி இல்லை. 2015இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ச்ரா தோட்', அதாவது 'கூண்டை உடை' என்ற பெயரில் விடுதிகளின் இரவுப் பூட்டுக்கு எதிராகத் திரண்டார்கள். திருச்சூரில் ஒரு கல்லூரியின் பெண்கள் விடுதியில், மாணவிகள் மாலை, இரவுக் காட்சிகளுக்குச் சினிமாவுக்குப் போகக் கூடாதென்று விதி இருந்தது. ஆண்கள் விடுதியில் இல்லை. 2019இல் கேரள உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. வயதுவந்த பெண்கள் மீது நிர்வாகம் தன்னுடைய ஒழுக்கத் தேர்வுகளைத் திணிக்க முடியாது என்பதே அதன் சாரம். கல்லூரி விடுதிக்காவது ஒரு நிர்வாகம், ஒரு மாணவர் அமைப்பு, ஒரு நீதிமன்றப் படி இருக்கிறது. தனியார் பி.ஜி.யில் மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்குப் பணம் கட்டியவள் எங்கே போவாள்? தமிழ்நாட்டில் பெண்கள் விடுதிகள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும் என்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உரிமம் இருக்கிறதா என்று கேட்கும் மாணவிக்கு, "இஷ்டம்னா இரு, இல்லன்னா வேற இடம் பாத்துக்கோ" என்பதே வழக்கமான பதில்.

இந்தப் பதிலுக்குள் ஒரு தத்துவ வாதம் ஒளிந்திருக்கிறது. விதிகளைச் சொல்லித்தானே சேர்த்தோம், ஒப்புக்கொண்டுதானே வந்தாய், பிறகென்ன குறை? சம்மதம் என்பது எப்போது சம்மதமாகிறது என்று கேட்டால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். கல்லூரி திறக்க நான்கு நாள் இருக்கிறது. பார்த்த ஆறு இடங்களிலும் அதே கேட், அதே நேரம், அதே நோட்டு. இந்த நிலையில் ஏழாவது இடத்தில் அவள் போடும் கையெழுத்து, மறுக்க வழியில்லாதவள் போட்ட கையெழுத்து. வேண்டாம் என்று சொல்ல ஓர் இடம் இருந்தால்தான் சரி என்று சொன்னதற்கு மதிப்பு. சட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சென்னையின் பழைய வழக்கமான பத்து மாத அட்வான்ஸ் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை என்றால், அந்த 'வேறு உடன்பாடு' என்ற இரண்டு சொல்லும் ஒரு காரணம். தேவையில் இருப்பவர் எதற்கும் உடன்படுவார்.

வீட்டுக்காரர்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் இந்த வாதம் முழுமையாகாது. மேலே சொன்ன ஓய்வுபெற்ற ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். கணவர் இல்லை, மகன் வெளிநாட்டில். மாடி வாடகைதான் மருந்துச் செலவு. மாடியில் இருக்கும் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் போலீஸ் முதலில் வருவது அவரிடம். எதிர் வீட்டுக்காரர் "உங்க வீட்டுக்கு யார் யாரோ வர்றாங்களே" என்று கேட்பதும் அவரிடம்தான். தனியாக வாழும் பெண்ணின் வீட்டைத் தெரு எப்படிப் பார்க்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே பார்வைக்குள் அவரும் வாழ்கிறார். பெற்றோரும் பல சமயம் அவரிடம் கண்டிப்பைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். "நீங்க கொஞ்சம் ஸ்ட்ரிக்டா இருங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்தான். ஆக, அவருடைய பயம் பொய்யில்லை. ஆனால் பயம் உண்மையாக இருப்பதால் அதன் செலவை யார் மீது வேண்டுமானாலும் ஏற்றிவிட முடியாது. தெருவின் வாயை மூட முடியாதபோது மாடியில் இருப்பவளின் காலைக் கட்டுவது எளிது. எளிது என்பதால் அது நியாயமாகிவிடாது. ஆணாதிக்கம் தன் வேலையைச் செய்ய எப்போதும் ஓர் ஆணை அனுப்புவதில்லை. சாவியை ஒரு பெண்ணின் இடுப்பில் செருகிவிட்டாலே போதும்.

மகள் மாதிரி என்ற சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. யார் மகள் மாதிரி ஆக முடியும் என்று அது தேர்ந்தெடுக்கிறது. "சொந்த ஊர் எது?" "ஊர்ல எந்தத் தெரு?" "அப்பா பேர் என்ன?" "நான்வெஜ் பழக்கம் உண்டா?" இவற்றில் எதுவும் வாடகை கொடுக்க முடியுமா என்பதைக் கண்டுபிடிக்கும் கேள்வி இல்லை. தலித் பெண், முஸ்லிம் பெண், வடகிழக்கிலிருந்து வந்தவள், திருநங்கை ஆகியோருக்கு அந்த நேர்காணலின் முடிவு பெரும்பாலும் முன்பே தெரியும். "நேத்துதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாங்க" என்பது அதன் மரியாதையான வடிவம். டு-லெட் பலகை அடுத்த வாரமும் அங்கேயே தொங்கும்.

அதனால் பலர் பொய் சொல்கிறார்கள். தெருவின் பெயரை மாற்றுகிறார்கள், கருவாடு பிடிக்காது என்கிறார்கள், பெயரின் பாதியை விழுங்குகிறார்கள். இது தவறா? கொலைகாரன் வாசலில் வந்து நண்பனைக் கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதினார் ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட். வாய்மையைப் பற்றி அதிகாரமே எழுதிய வள்ளுவர், குற்றமில்லாத நன்மை தருகிற பொய்க்கு அதில் ஓர் இடம் ஒதுக்கினார். இந்த விஷயத்தில் நான் வள்ளுவர் பக்கம். கேட்க உரிமையில்லாத கேள்விக்கு உண்மையான பதில் கடனில்லை. ஆனால் பொய் சரியா தவறா என்ற விவாதம், அந்தப் பொய்யோடு வாழ்வது என்ன என்பதைத் தொடுவதே இல்லை.

அதை அம்பேத்கர் எழுதியிருக்கிறார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தவருக்கு அந்த ஊரில் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில், பதிவேட்டில் பார்சிப் பெயர் எழுதிக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒன்றரை ரூபாய் கொடுத்துத் தங்கினார். பதினோராவது நாள் காலையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து, மாலைக்குள் காலி செய்யச் சொன்னது. இரண்டு நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தார். இருவருமே தங்கள் வீட்டைக் காரணம் காட்டித் தவிர்த்தார்கள். இரவு ரயில் வரும்வரை பூங்காவில் உட்கார்ந்திருந்தார். அந்த நினைவுக் குறிப்பில் என்னை அதிகம் உறுத்துவது அந்தப் பத்து நாட்கள். யாரும் எதுவும் செய்யாத நாட்கள். எந்த நிமிடமும் தெரிந்துவிடலாம் என்ற பயத்தோடு ஒருவர் படுத்து எழுந்த நாட்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மாணவி செமஸ்டர் முழுக்க அப்படி வாழ்கிறாள். அம்மா பார்க்க வரக் கூடாதென்று தள்ளிப்போடுகிறாள். வந்தால் பேச்சிலோ பெயரிலோ தெரிந்துவிடும். டிபன் பாக்ஸை கல்லூரியிலேயே கழுவிவிட்டு வருகிறாள். பொய்யைக் கட்டாயமாக்கியவர் நிம்மதியாகத் தூங்குகிறார், சொன்னவள் விழித்திருக்கிறாள்.

"என் வீடு, என் இஷ்டம்" என்பது கடைசி வாதம். சொந்த வீட்டுக்குள் யாரை அழைப்பது என்பது ஒருவரின் விருப்பம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பலகை மாட்டி, கட்டில் கணக்கில் விலை வைத்து, அறைக்கு மூன்று பேர் என்று நிரப்புகிற இடம் வீடா, கடையா? நம் அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவு, சாதி, மதம், பாலினம், பிறப்பிடம் பார்த்து எவரையும் தடுக்கக் கூடாத இடங்களாகக் கடைகள், உணவகங்கள், ஓட்டல்கள், கிணறு, குளம், சாலை போன்றவற்றைச் சொல்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. 1948இல் அரசியலமைப்பு அவையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, 'கடை' என்ற சொல் இங்கே பரந்த பொருளில் வருகிறது, நிபந்தனைகளுக்கு ஒத்துக்கொண்டால் சேவை தருகிற எவரையும் குறிக்கும் என்று விளக்கினார் அம்பேத்கர். பரோடாவில் பூங்காவில் உட்கார்ந்திருந்தவர் சொன்ன விளக்கம் அது. ஆனால் 2005இல் உச்ச நீதிமன்றம், அகமதாபாத்தில் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கும் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. சட்டம் இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. அது முடிவுக்கு வரும்வரை நமக்கு முடிவெடுக்க வேலையில்லை என்று இருக்க முடியாது.

ஏனென்றால் இதைப் படிப்பவர்களில் பலர் ஒரு நாள் சாவி வைத்திருப்பவர்களாக ஆவோம். சொந்த வீடு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. மூன்று பேர் சேர்ந்து ஒரு ஃபிளாட் எடுத்து, ஒருத்தி காலி செய்து போனதும் அடுத்தவளைத் தேடும்போதே நாம் வீட்டுக்காரராகிவிடுகிறோம். "வெஜிடேரியன் பெண்கள் மட்டும்" என்று அந்த விளம்பரத்தை எழுதுவது நம் கைதான். "நம்ம டைப் பொண்ணா இருந்தா நல்லது" என்று தோழியிடம் சொல்வதும் நாம்தான்.

அங்கிருந்து தொடங்கலாம். எத்தனை மணிக்கு வந்தாலும், என்ன காரணமாக இருந்தாலும், கதவு முதலில் திறக்கப்பட வேண்டும். பேச்சு காலையில் இருக்கட்டும். விதிகள் பணம் வாங்குவதற்கு முன் எழுத்தில் இருக்கட்டும். அட்வான்ஸில் எதைப் பிடிப்போம் என்பது அதே தாளில் இருக்கட்டும். வாடகை கொடுக்க முடியுமா, பாத்திரத்தைக் கழுவி வைப்பாயா என்று கேட்போம். அப்பா பெயரைக் கேட்க வேண்டாம். யாரையும் மகள் மாதிரி பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். அவளுக்கு ஏற்கனவே ஒரு வீட்டில் மகள் என்று பெயர் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பி அவள் இந்த நகரத்துக்கு வந்தது படிக்க. நாம் கொடுக்க வேண்டியது ஓர் அறை, உள்ளே தாழ்ப்பாள், அவள் கையில் ஒரு சாவி.